கவிழ்த்து வைத்தால் நிற்கும் கைக்கடிகாரம்: ரோஸ் ஹில்லில் ஒரு நிகழ்வு ஆய்வு

மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் மாமாவும் நானும் நடத்தும் பட்டறைக்கு வந்த ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிய பதிவு இது. பழுது அரிதானதல்ல. ஆனால் எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு கடைகளில் குற்றமற்ற பாகங்களின் மேல் பழி விழுந்திருந்தது. அதில் ஒன்று மாற்றப்பட்டும் விட்டது. சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று முழுமையாக எழுதுகிறேன். தொடர்புடையவர்களின் பெயர்கள் இல்லை.

பின்னணி

உரிமையாளர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது எழுபதைத் தாண்டியவர். கடிகாரம் அவருடைய தந்தை போர்ட் லூயியில் வாங்கியது. சுவிஸ் தயாரிப்பு, கையால் சாவி கொடுப்பது, உள்ளே உராய்வைக் குறைக்கும் மாணிக்கக் கற்கள் 17. ஆறு மணி எண் இருக்க வேண்டிய இடத்தில் சிறு வட்டமும் அதற்குள் தனி விநாடி முள்ளும் உண்டு. இயக்கத்தின், அதாவது உள்ளிருக்கும் இயந்திரத்தின், அளவு கடிகாரத் தொழிலின் பழைய அலகில் 13 லீன், ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் இன்றைய கடிகாரங்களைவிட நிதானமாகக் கேட்கும் அந்த ஒலியை அவர் சிறுவயது முதலே அறிந்தவர்.

அவர் சொன்ன குறை இதுதான்: "பகலில் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, தம்பி. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு மூன்று மணி நேரம் பின்தங்கியிருக்கிறது."

முதலில் கொண்டுபோன கடையில் சாவி கொடுக்கும் விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று புதிது போட்டிருக்கிறார்கள். குறை தீரவில்லை. அதே கடையில் மறுபடி கொடுத்தபோது வேகத்தைக் கூட்டித் தந்திருக்கிறார்கள். இரண்டாவது கடையில், உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, இயக்கத்தை எடுத்துவிட்டுப் பேட்டரி இயக்கம் பொருத்தலாம் என்று ஆலோசனை. அதற்கு அவர் ஒப்பவில்லை. ஒப்பாதது நல்லதாயிற்று. தைப்பூசக் காவடிக்கு முன் கையில் கட்ட வேண்டும் என்ற ஒரே விருப்பத்தோடு எங்களிடம் வந்தார்.

முதல் பார்வை

திறப்பதற்கு முன் மாமா எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரவில் கடிகாரத்தை எங்கே, எப்படி வைக்கிறீர்கள்? ஆசிரியர் மடித்த கைக்குட்டை ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். வாரை இருபுறமும் விரித்து, கடிகாரத்தின் முகம் கீழே இருக்கும்படி அதன் மேல் கவிழ்த்தார். படுக்கையருகே சன்னல், காலை வெயில் பட்டு டயல் மங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தந்தை காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார்.

மேசையில் வைத்து ஆராய்கிற எவரும் கடிகாரத்தை முகம் மேலே இருக்கும்படிதான் வைப்பார்கள். முன்பு பார்த்த கடைகளிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று கொள்ளலாம். அந்த நிலையில் இது நன்றாக ஓடியது.

மூன்று மணி நேரம் பின்தங்குகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வேகம் குறைந்து ஓடும் கடிகாரம் ஓர் இரவில் சில நிமிடங்கள் பின்தங்கும். மணிக்கணக்கில் பின்தங்கினால் அது நடுவில் நின்றிருக்கிறது, யாரோ தொட்டதும் மீண்டும் ஓடியிருக்கிறது என்றே பொருள். ஆசிரியர் விழித்ததும் கையில் எடுக்கிறார், அந்த அசைவில், முன்னும் பின்னும் சுழன்று நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் உயிர் பெறுகிறது. நின்றதை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பின்மூடியைத் திறந்ததும் ரெகுலேட்டர் நெம்பு, வேகம் கூட்டும் பக்கத்தின் ஓரம்வரை தள்ளப்பட்டிருந்தது தெரிந்தது. அது ஹேர் ஸ்பிரிங்கின், அதாவது பேலன்ஸ் சக்கரத்தைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருளின், பயன்படு நீளத்தைக் குறைத்தோ கூட்டியோ நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் வித்தியாசம் செய்யும் நெம்பு. நின்றுபோகும் கடிகாரத்துக்கு அது மருந்தல்ல. பகலில் வேகமாக ஓடியதற்குக் காரணம் இதுவே. ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினாலும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகம் கூடும் என்பதால் திசைகாட்டியை அருகே பிடித்துப் பார்த்தோம். முள் சலனமின்றி நின்றது. காந்தம் இல்லை.

திருகுகளும் ஒரு கதை சொல்லின. மெயின் ஸ்பிரிங் இருக்கும் பீப்பாய்க்கு மேலுள்ள பிரிட்ஜின், அதாவது தாங்கு தகட்டின், திருகுகளில் புதிய கீறல்கள். டயலின் கால்களை இறுக்கிப் பிடிக்கும் பக்கத் திருகுகளின் பிளவிலோ பல காலத் தூசு கெட்டிப்பட்டு, கருவி படாத நிலையில் இருந்தது. மெயின் ஸ்பிரிங் மாற்றியவர் டயலைக் கழற்றவில்லை.

ஆறு நிலைகளில் அளவீடு

முழுவதும் சாவி கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபரில் ஆறு நிலைகளிலும் வைத்தோம். பார்த்தது முக்கியமாக வீச்சை, அதாவது பேலன்ஸ் சக்கரம் நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு எத்தனை பாகை சுழன்று திரும்புகிறது என்பதை. முழு முறுக்கில் படுத்த நிலையில் 270 முதல் 310 பாகை வரை இருந்தால் நலம்.

முகம் மேலே: 270 பாகை, நாளொன்றுக்கு 110 விநாடி வேகம். கடிகாரத்தை நிமிர்த்தி வைத்த நான்கு நிலைகளிலும் 224 முதல் 232 பாகை. முகம் கீழே: 205.

இந்தக் கடைசி எண்தான் வழக்கைத் திறந்தது. படுத்த நிலையில் பேலன்ஸ் அச்சின் உருண்ட நுனி மட்டும் ஒரு தட்டையான கல்லின் மேல் நிற்கிறது. உராய்வு மிகக் குறைவு. நிமிர்ந்த நிலையில் அச்சின் பக்கவாட்டு துளைக்கல்லின் சுவரில் உரசுகிறது. உராய்வு கூடி வீச்சு குறைகிறது. ஆகவே படுத்த நிலை இரண்டும் ஏறத்தாழச் சமமாகவும், நிமிர்ந்த நிலைகள் அவற்றைவிடக் குறைவாகவும் இருப்பதே இயல்பு. இங்கே கவிழ்ந்த நிலை நிமிர்ந்த நிலைகளுக்கும் கீழே போயிருந்தது.

மெயின் ஸ்பிரிங்கோ சக்கரத் தொடரோ பழுதாக இருந்தால் ஆறு நிலைகளிலும் வீச்சு விழுந்திருக்கும். ஒரு நிலையில் மட்டும் விழுகிறது என்றால் அந்த நிலையில் மட்டும் பாரம் தாங்கும் பாகத்தைத் தேட வேண்டும். முகம் கீழே இருக்கும்போது பேலன்ஸ் சக்கரத்தின் முழு எடையும் டயல் பக்கத்து நுனியின் மேல் இறங்குகிறது. டயலைக் கழற்றாமல் பார்க்க முடியாத நுனி அது.

வீச்சைச் சரியாகக் காட்ட அந்தக் கருவிக்கு இயக்கத்தின் லிஃப்ட் கோணம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் பேலன்ஸ் உந்துதலோடு தொடர்பில் சுழலும் கோணம், தேவை. நாங்கள் பொது மதிப்பான 52 பாகையை இட்டோம். உண்மைக் கோணம் சற்று மாறினால் எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் மாறும். நிலைகளுக்கு இடையேயான ஒப்பீடு கெடாது.

பிறகு ஆசிரியர் வீட்டு வழக்கத்தை அப்படியே நடத்திப் பார்த்தோம். காலை ஆறு மணிக்குச் சாவி, இரவு பத்து மணிக்குக் கைக்குட்டையின் மேல் கவிழ்ப்பு. பதினாறு மணி நேரம் ஓடிய ஸ்பிரிங்கின் விசை ஏற்கெனவே தணிந்திருக்கும். அதன்மேல் இந்த உராய்வும் சேர, வீச்சு 150 பாகைக்குக் கீழே இறங்கி, திரையில் கோடுகள் சிதறி, விடியலுக்கு முன் கடிகாரம் நின்றது. இதே முறுக்கில் முகம் மேலே வைத்த இரவில் நிற்கவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ரெகுலேட்டரைத் தொடுவதில்லை. வீச்சு சீராகும்வரை வேகத்தைத் திருத்துவதில் பொருளில்லை.

இரண்டாவது, மெயின் ஸ்பிரிங்கை மறுபடி மாற்றுவதில்லை. முகம் மேலே கிடைத்த 270 பாகையே அதன் விசைக்குச் சான்று.

மூன்றாவது முடிவில் மாமாவும் நானும் சற்று நேரம் மாறுபட்டோம். எங்கள் இழுப்பறையில் இதே வகை இயக்கம் ஒன்று உதிரிக்காக இருந்தது. அதிலிருந்து பேலன்ஸ் சக்கரத்தை அச்சோடும் ஹேர் ஸ்பிரிங்கோடும் எடுத்துப் பொருத்தினால் வேலை விரைவில் முடியும்; காவடிக்கு முன் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மாமா மறுத்தார். பேலன்ஸும் ஹேர் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று இசைவாக ஆலையில் சேர்க்கப்பட்ட இணை. இது இந்தக் கடிகாரத்தோடு பிறந்த இணை. பழுது கல்லில் இருந்தால், நல்ல நுனியைக் கெட்ட கல்லின் மேல் வைத்தவர்களாவோம். அவர் சொன்னது சரி. முழுவதும் பிரித்து, டயல் பக்கத்தைப் பார்த்த பிறகே எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதாக ஆசிரியருக்குச் சொன்னோம். நாள் வாக்குக் கொடுக்கவில்லை.

டயலுக்கு அடியில் கண்டவை

முட்களை எடுத்து, பக்கத் திருகுகளைத் தளர்த்தி டயலைத் தூக்கினோம். இந்தக் கடிகாரத்தில் இன்காப்ளாக் அதிர்ச்சித் தாங்கி உண்டு. 1934-இல் வந்த அமைப்பு. அதற்கு முந்தைய காலக் கடிகாரங்கள் கீழே விழுந்தால் பேலன்ஸ் அச்சின் நுனி ஒடிந்துபோகும். இதில் துளைக்கல்லும் அதன்மேல் மூடியிருக்கும் தட்டைக் கல்லும் (மூடுகல்) ஒரு சிறு கிண்ணத்தில் அமர்ந்திருக்கின்றன. யாழ் வடிவில் வளைந்த மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. அடி விழும்போது கிண்ணம் நகர்ந்து கொடுத்து, பிறகு தன் இடத்துக்குத் திரும்புகிறது.

பின்பக்கத்து இன்காப்ளாக்கில் எண்ணெய் தெளிவாக, புதிதாக இருந்தது. டயல் பக்கத்தில் யாழின் இரு கைகளையும் விலக்கியபோது மூடுகல் வரவில்லை. பழைய எண்ணெய் பிசினாக இறுகி அதைத் துளைக்கல்லோடு ஒட்டியிருந்தது. கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்ததும் பழுப்பு நிறப் படலமும், நடுவில் செந்நிறத் தூளும். எஃகு நுனி எண்ணெயின்றி உலர்ந்து ஓடினால் உதிரும் இரும்புத் துரு அது.

கழுவிய மூடுகல்லை இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டிய முகத்தின் நடுவில் சாம்பல் நிறச் சிறு குழி. அச்சின் நுனியும் உருண்டையாக இல்லை. மழுங்கித் தட்டையாகி, ஓரத்தில் பிசிறு எழுந்திருந்தது. குழியும் மழுங்கிய நுனியும் ஒன்றில் ஒன்று பொருந்தி உராய்ந்திருக்கின்றன.

மாணிக்கம் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 9, எஃகைவிடப் பன்மடங்கு கடினம். அதில் எஃகு எப்படிக் குழி தோண்டும் என்று ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. துருவும் வெளித்தூசும் பதிந்த நுனி வெறும் எஃகாக இருப்பதில்லை; உராய்பொருள் ஏற்றிய கருவியாகிவிடுகிறது. அது நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு. நுனியின் தடிப்போ மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கணக்கில் எண்ணெயில்லாமல் ஓடினால் கல்லும் தாங்காது.

மற்றப் பதினாறு கற்களும் நலமாக இருந்தன. எண்ணிக்கையைக் கேட்கிறவர்கள் பலர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய இயக்கத்தில் பேலன்ஸுக்குத் துளைக்கல் இரண்டு, மூடுகல் இரண்டு. பேலன்ஸ் அச்சிலுள்ள சிறு தட்டான ரோலரில் உந்துகல் ஒன்று. பேலன்ஸுக்கு உந்துதல் தரும் பேலட் கவையின் கைகளில் இரண்டு. ஆக ஏழு. பிறகு பேலட் அச்சு, எஸ்கேப் சக்கரம், நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம், நடுச்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆக 17. கல் என்றால் விலைமதிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 1704-இல் லண்டனில் ஃபாசியோ டி துயியே கற்களைத் துளைத்துத் தாங்கியாக்கக் காப்புரிமை பெற்ற காலத்தில் அவை இயற்கைக் கற்கள். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் தன் செயற்கை மாணிக்க முறையை அறிவித்த பிறகு அவை ஆலைப் பொருள்களாயின. அவற்றின் மதிப்பு வழவழப்பிலும் கடினத்திலும் இருக்கிறது.

அக்காவின் கண்

முடிவைச் சொல்ல ஆசிரியரை வரச் சொன்னபோது அவருடைய அக்காவும் உடன் வந்தார். மொரிஷியஸ் இந்தக் கற்களுக்கு அந்நியமல்ல. சுதந்திரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1965-இல், ஜோசே பொன்சினி தொடங்கிய மைக்ரோ ஜுவல்ஸ் கடிகாரக் கற்களை ஏற்றுமதிக்குச் செய்தது. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து துணியாலைகள் பெருகியதெல்லாம் அதன் பின்பு. அக்காவும் இளம் பெண்ணாகக் கல் துளைக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்தவர். அந்தத் தலைமுறையின் கைத்திறன் இன்று யார் நினைவிலும் அதிகம் இல்லாதது எனக்கு வருத்தம்.

மாமா அக்காவிடம் லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, நீட்டினார். எண்பதை நெருங்கும் அக்காவின் கை இடுக்கியை எடுத்ததும் நடுங்கவில்லை. கல்லின் விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தார். நேராகப் பார்த்தால் குழி மட்டும் தெரியும், சாய்த்தால்தான் அதைச் சுற்றியுள்ள கீறல் வளையம் தெரியும் என்று எனக்குக் காட்டினார். நாங்கள் கவனியாமல் விட்டிருக்கக்கூடிய வளையம். மெருகேற்றிச் சரிசெய்யலாமா என்ற எங்கள் ஐயம் அங்கேயே தீர்ந்தது: கூடாது, கல் போய்விட்டது, வேறு கல் வையுங்கள் என்றார். வைரத் தூளும் நேரமும் இல்லாமல் அந்த முகத்தை மீட்க முடியாது என்றும் சொன்னார்.

பழுதுநீக்கம்

இரண்டு வேலைகள். மூடுகல்லை உதிரி இயக்கத்திலிருந்து எடுத்தோம். அதே வகை, அதே அளவு, முகம் குற்றமற்றது. அச்சை மாற்றவில்லை. நுனியின் பக்கவாட்டில் தேய்மானம் இல்லை. மழுங்கியது முனை மட்டும். ஜாக்கோ கருவியில் வைத்து மாமா அதை மீண்டும் உருட்டி மெருகேற்றினார். நுனி குட்டையாகிவிடாமல், சில சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. அதிகம் எடுத்துவிட்டால் அச்சின் மேல்கீழ் ஆட்டம் கூடிவிடும்.

கழுவும்போது ஒன்றில் கவனம் தேவை. பேலட் கற்களும் உந்துகல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. சாராயத்தில் அரக்கு கரையும். ஆகவே பேலட் கவையையும் பேலன்ஸையும் பெட்ரோலியக் கரைப்பானில் மட்டும் அலசினோம்.

எண்ணெய் இட்டதில் மூடுகல்லைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை வழக்கம்போல. கல்லின் தட்டை முகத்தின் நடுவில் மோபியஸ் 9010 கடிகார எண்ணெய் ஒரு துளி. துளியின் அகலம் கல்லின் அகலத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள். அதன்மேல் துளைக்கல்லைக் கவிழ்த்ததும் துளி விரிந்து ஒரு வட்டமாக நிற்க வேண்டும். ஓரத்தைத் தொட்டுவிட்டால் எண்ணெய் முழுவதும் வெளியே இழுக்கப்பட்டுவிடும். மூன்றாம் முறைதான் வட்டம் திருப்தியாக நின்றது. முன் இரண்டையும் கழுவித் துடைத்துவிட்டோம்.

அதன் பிறகு

முகம் மேலே 282, முகம் கீழே 278, நிமிர்ந்த நிலைகளில் 243 முதல் 250. இப்போதுதான் ரெகுலேட்டரைத் தொட்டோம். நெம்பை நடுவுக்குக் கொண்டுவந்து திருத்தியதும் ஆறு நிலைகளிலும் நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலிலிருந்து 13 விநாடி முந்தலுக்குள் நின்றது. இந்த வயதுக் கடிகாரத்துக்கு இது நிறைவானது. டிக்குக்கும் டாக்குக்கும் இடையே சிறு ஏற்றத்தாழ்வு இருந்தது. அதைத் திருத்த ஹேர் ஸ்பிரிங்கின் உள்முனையைப் பிடித்திருக்கும் காலரை அச்சில் திருப்ப வேண்டும். பழைய ஸ்பிரிங்கைச் சிதைக்கும் அபாயத்துக்கு அந்தப் பயன் ஈடாகாது என்று விட்டுவிட்டோம்.

கைக்குட்டைச் சோதனையை மீண்டும் நடத்தினோம். காலை ஆறு மணிச் சாவியோடு, கவிழ்ந்த நிலையில், மறுநாள் காலைவரை ஓடியது.

காவடிக்கு முன் கொடுக்க முடிந்தது. ஆனால் ஆற்றில் நீராடும்போது கட்டக் கூடாது என்று சொல்லியே கொடுத்தோம். சாவி கொடுக்கும் குமிழான கிரவுனில் நீர்தடுப்பு வளையம் இல்லாத பழைய உறை அது. சில வாரங்கள் கழித்து ஆசிரியர் வந்தார். இரவு நிற்பதில்லை. தீவின் கியூர்பீப் நகரில் மழையில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி படிந்ததுதான் வந்த காரணம். அன்றே திறந்து உலர்த்தினோம், துரு ஏறவில்லை. கண்ணாடியை மாற்றினோம், அது ஓரத்தில் தளர்ந்திருந்தது.

இனி மாற்றிக்கொள்வது

எங்கள் வேலை அட்டையில் இரவு வைக்கும் நிலை என்று தனிக் கட்டம் சேர்த்துவிட்டோம். முன்பு மாமாவின் வாய்க் கேள்வியாக மட்டும் இருந்தது, அவர் இல்லாத நாளில் கேட்கப்படாமல் போகும். அதனருகே சாவி கொடுக்கும் நேரமும்.

ஆறு நிலை அளவீட்டை முழு முறுக்கில் மட்டுமன்றி, 20 மணி நேரம் கழித்தும் எடுத்துப் பதிகிறோம். இந்தக் கடிகாரத்தின் பழுது முழு முறுக்கில் நோயாகத் தெரிந்ததே தவிர நிற்கவில்லை. நின்றது தணிந்த முறுக்கில்.

டயலைக் கழற்றாமல் செய்யும் எந்த வேலையையும் முழுச் சுத்திகரிப்பு என்று பில்லில் எழுதுவதில்லை. இரு பக்கத்து அதிர்ச்சித் தாங்கிகளையும் படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுகிறோம். ஆசிரியரின் கடிகாரத்துக்கு அடுத்த எண்ணெய் மாற்றத்தை நான்காண்டுக்குப் பின் என்று குறித்திருக்கிறோம். அன்று முதலில் பார்க்க வேண்டியது டயல் பக்கத்து மூடுகல் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. குழி விழுந்த பழைய கல்லைச் சிறு காகித உறையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அக்கா.